களிமண் கலந்த பிளாஸ்டிக் ஒலியைத் தடுக்குமா?

தடித்த மண்சுவர் வீட்டினுள் நுழைந்தவுடன் தெருவின் ஆரவாரம் அடங்கிவிடுவதை உணர்ந்திருப்பீர்கள். மெல்லிய பிளாஸ்டிக் தடுப்பின் பின்னே அமர்ந்து பாடம் படிக்க முயன்றாலோ, அடுத்த அறைப் பேச்சு அப்படியே காதில் விழுகிறது. அவ்வாறாயின், பிளாஸ்டிக்கோடு களிமண் தூளைக் கலந்து பலகை செய்தால் ஒலி தடைப்படுமா? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

ஒலி என்பது காற்றின் அதிர்வு. அது பலகைமீது மோதும்பொழுது பலகையும் அதிர்கிறது. அவ்வதிர்வு மறுபுறத்துக் காற்றை அசைக்க, அங்கும் ஒலி எழுகிறது. பலகை கனமாயின் அதனை அசைப்பது கடினம். ஒரு சதுர மீட்டர் பலகையின் எடையை இரு மடங்காக்கினால், கடந்து செல்லும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். அதாவது, முன்பு கடந்த ஆற்றலில் கால் பங்கே இப்பொழுது கடக்கும். இதனை நிறை விதி என்பர்.

இவ்விதியைக் கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.9 கிராம், களிமண் கனிமத்தின் அடர்த்தி சுமார் 2.6 கிராம். எடையில் நூற்றுக்கு 40 பங்கு களிமண் சேர்த்தால் கலவையின் அடர்த்தி சுமார் 1.2 கிராம் ஆகும். பலகையின் தடிமன் மாறாதிருந்தால், இதனால் வரும் ஆதாயம் 3 டெசிபெல்லுக்கும் குறைவே. செவி அதனை அரிதாகவே உணரும்.

களிமண்ணின் சிறப்பு வேறிடத்தில் உள்ளது. மாண்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் வகை, ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு தடிமனுள்ள ஏடுகளாகப் பிரியக்கூடியது. ஜப்பானில் டொயோட்டா ஆய்வகத்தார் 1980களில் இவ்வேடுகளை நைலானில் பரப்பினர். நூற்றுக்கு ஐந்து பங்கு அளவிலேயே நைலானின் வலிமையும் விறைப்பும் வெப்பந்தாங்கும் ஆற்றலும் மிகுந்தன. ஆயினும், விறைப்பு வேறு, ஒலித்தடை வேறு. ஒவ்வொரு பலகையும் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒலியலையோடு இசைந்து வளைந்தாடி, ஒலியை எளிதில் கடத்திவிடும். எடையைவிட விறைப்பு விரைந்து மிகுந்தால், அவ்வதிர்வெண் தாழ்ந்து, நம் செவி கூர்மையாகக் கேட்கும் எல்லைக்குள் வந்துவிடக் கூடும்.

ஆகவே, களிமண் கலந்த பலகை ஒன்றை மட்டும் நம்புதல் தகாது. இரு பலகைகளுக்கிடையே வெளிவிட்டு, அவ்வெளியில் நார்ப்பொருளை நிரப்புதல் வேண்டும். இடுக்குகளையும் அடைத்தல் வேண்டும். தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலும், எத்தகைய சுவராயினும் அதன் தடை 20 டெசிபெல்லைத் தாண்டாது.

ஒலி புகாத பலகை என்று ஒருவர் விற்க வந்தால், "சதுர மீட்டருக்கு எத்தனை கிலோகிராம்?" என்று முதலில் கேளுங்கள். பொருளின் பெயரைவிட அவ்விடையே உங்களுக்கு உண்மையை உரைக்கும்.