பன்றிச் சிறுநீரகம் வந்துவிட்டதா?

டயாலிசிஸ் உதவிக்காக வரும் சின்னமனூர் சகோதரர்கள் சிலர் நம்மிடம் இப்படிக் கேட்கிறார்கள்.

1997இல் அசாமில் டாக்டர் தனிராம் பருவா ஒருவருக்குப் பன்றி இதயம் பொருத்தினார். 7 நாளில் நோயாளி இறந்தார். டாக்டர் சிறை சென்றார். பன்றி உறுப்பு அளவில் நமக்கு ஒத்துவரும். ஆனால் அதன் செல்களிலுள்ள ஒருவகைச் சர்க்கரையைக் கண்டதும் நம் உடல் தாக்கத் தொடங்கிவிடும். அந்தச் சர்க்கரை உருவாகாதபடி மரபணுவைத் திருத்திப் பன்றியை வளர்ப்பதே இப்போதைய முயற்சி. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் பாஸ்டனில், 69 திருத்தங்கள் செய்த பன்றியின் சிறுநீரகத்தைப் பெற்றவர் ஏறக்குறைய 2 மாதம் வாழ்ந்தார்.

ஹராம் ஆயிற்றே என்போருக்கு: உயிர் காக்கும் நிர்ப்பந்தத்துக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு, அதன் எல்லையை ஆலிம்களிடம்தான் கேட்க வேண்டும். இன்றைக்கு இது ஆராய்ச்சி மட்டுமே. இதை நம்பி யாரும் டயாலிசிஸை ஒருமுறைகூடத் தவறவிட வேண்டாம்.