முழங்கால் தண்ணீரில் காலை விருந்து... முட்டுக்காடு பறவைகள் எப்படிச் சாப்பிடுகின்றன தெரியுமா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களில் பலருக்கு முட்டுக்காடு என்றால் படகு சவாரிதான். ஆனால், இந்தப் பகுதியில் வசிப்பவர்களுக்கு தினமும் காலையில் டிக்கெட் இல்லாத இன்னொரு காட்சி காத்திருக்கிறது. வடியும் நீரில் பறவைகள் இரை தேடும் காட்சி!

கடல்நீரும் மழைநீரும் கலக்கும் உவர்நீர்ப் பரப்பு இது. நீர் வடியும்போது சேறு வெளியே தெரியும். அதில் புழு, நண்டு, இறால், சிறுமீன் எல்லாம் உண்டு. ஒரே இடத்தில் இத்தனை பறவைகள் சண்டையில்லாமல் சாப்பிடுவது எப்படி? ஒவ்வொன்றின் காலும் அலகும் வேறு வேறு அளவு என்பதுதான் ரகசியம்.

யாருக்கு எந்த ஆழம்?

கரையோரம் சிலைபோல நிற்பது மடையான். இரை அருகில் வரும்வரை அசையாது. சின்ன வெள்ளைக்கொக்கு நேர் எதிர். மஞ்சள் விரல்களால் சேற்றைக் கிளறி, பதறி ஓடும் மீனைக் கொத்திவிடும்.

இளஞ்சிவப்புக் கால்களுடன் நடக்கும் நெடுங்கால் உள்ளான் இன்னும் கொஞ்சம் உள்ளே போய், நீரின் மேலிருக்கும் பூச்சிகளைப் பொறுக்கும். சங்குவளை நாரை கண்ணை நம்புவதில்லை. அலகைப் பாதி திறந்து தண்ணீரில் விட்டு அலசும். மீன் பட்டால் சட்டென்று மூடிக்கொள்ளும்.

பூநாரை வந்தால் தவறவிடாதீர்கள். தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, நாக்கால் நீரை இழுத்து வெளியேற்றி, அலகிலுள்ள சல்லடையில் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும். அதன் இளஞ்சிவப்பு நிறமே அந்த உணவிலிருந்து வருவதுதான்.

ஆழமான இடம் நீர்க்காகத்துக்கும் கூழைக்கடாவுக்கும். கருப்பு வெள்ளை மீன்கொத்தியோ அந்தரத்தில் சிறகடித்து நின்று, குறிபார்த்து நீரில் பாயும்.

ஆழம் மாறினால்?

இதே ஆழம் குறைந்த நீரில்தான் இருளர் மக்கள் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். நீர்மட்டம் கூடினால் அவர்களுக்கும் வேலையில்லை, நாரைக்கும் இரையில்லை.

சென்னையின் குடிநீர்த் தேவைக்காக, கோவளம் பகுதியில் சுமார் 350 கோடி ரூபாயில் புதிய நீர்த்தேக்கம் அமைக்கப்படும் என்று தமிழ்நாடு அரசின் 2025-26 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. கோடையில் தண்ணீர் லாரிக்காகக் காத்திருக்கும் நகரத்துக்குக் குடிநீர் அவசியம்தான். ஆனால், உப்புத்தன்மையும் ஆழமும் மாறினால் இறாலும் பறவைகளும் என்னாகும் என்பதே மீனவர்கள், சூழலியல் ஆர்வலர்களின் கவலை. எந்த மாதம், எந்த இடத்தில், எத்தனை பறவைகள் இரை தேடின என்ற பதிவு இருந்தால்தான் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்கும்.

நீங்களும் பதிவு செய்யலாம்

அந்தப் பதிவை எழுத விஞ்ஞானியாக இருக்கத் தேவையில்லை. 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுவதும் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி 'இ-பேர்ட்' செயலியில் பதிவிட்டால் போதும். உங்கள் வீட்டு மொட்டை மாடியும் ஓர் இடம்தான். சருகைப் புரட்டும் தவிட்டுக்குருவி, மின்கம்பியில் அமர்ந்து ஓணானுக்குக் காத்திருக்கும் வெண்தொண்டை மீன்கொத்தி எல்லாமே கணக்கில் சேரும். பெயர் தெரியவில்லையா? 'மெர்லின்' செயலி உதவும்.

கவனிக்க...

* நீர் வடியும் அதிகாலை நேரமே சிறந்தது.
* பறவைகள் தலைதூக்கிப் பார்த்தால் அதற்குமேல் நெருங்காதீர்கள். பறந்துவிட்டால் அவற்றின் சாப்பாட்டு நேரம் போச்சு.
* பிரெட், சிப்ஸ் வீசாதீர்கள். சேற்றிலேயே அவற்றுக்கு வேண்டியது இருக்கிறது.
* தூண்டில் நரம்பு, பிளாஸ்டிக் பைகளைக் கரையில் விட்டுவராதீர்கள். கால்களில் சிக்கினால் பறவையால் இரை தேட முடியாது.
* வீட்டில் நிழலான இடத்தில் அகலமான மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். தினமும் மாற்றுங்கள்.

வருகிற பொங்கலுக்கு, சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்ட கையோடு வீட்டுக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு 15 நிமிடம் ஒதுக்குங்கள். நீங்கள் எழுதும் எண்ணிக்கை முட்டுக்காட்டுக்கும் தேவைப்படும்!