வருடப் பிறப்பு இரவில் வரும் விண்பாறை

குறிகட்டுவான் இறங்குதுறையில் காத்து நிற்போர்க்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. கடலில் ஒரு வள்ளம் புறப்பட்டதும், அது நயினாதீவுக்கா, நெடுந்தீவுக்கா, அன்றி மீன்பிடிக்கத்தான் செல்கின்றதா என்று ஊகிப்பார்கள். கண்ட மாத்திரத்தே சொல்லிவிடுதல் அரிது. சற்று நேரம் பார்த்திருந்தால் திசை புலனாகும். அரைமணி நேரம் பார்த்திருந்தால் ஐயமே இராது. அபோபிஸ் என்னும் சிறுகோளின் கதையும் ஏறக்குறைய இத்தகையதே.

2004ஆம் ஆண்டு யூன் 19ஆந் திகதி, அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்திலுள்ள கிற் பீக் மலையிலிருந்து வானநூலார் இதனை முதன்முதற் கண்டனர். சுமார் 340 மீற்றர் பருமனுள்ள பாறை இது. இரண்டு இரவுகளே பார்க்க முடிந்தது; பின்னர் தவறிப்போய், டிசெம்பர் மாதத்தில் அவுஸ்திரேலியாவிலிருந்து மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. பாதையைக் கணித்தபோது, 2029 ஏப்பிரல் 13ஆந் திகதி பூமியுடன் மோதவுங் கூடும் என்று தெரியவந்தது. நாளுக்கு நாள் அந்த வாய்ப்பு ஏறி, டிசெம்பர் 27இல் 37க்கு 1 என்ற அளவை எட்டியது.

அந்த நாட்களை நம்மவர்க்கு நினைவூட்ட வேண்டுவதில்லை. முதல் நாட் காலையிலேதான் ஆழிப்பேரலை எழுந்து வடமராட்சி கிழக்கையும் முல்லைத்தீவையும் கீழ்மாகாணக் கரைகளையும் வாரிச் சென்றிருந்தது. உற்றாரின் உடல்களைத் தேடிக் கரையெங்கும் அலைந்தவர்களுக்கு வானத்துப் பாறையைப் பற்றிய செய்தி எட்டவேயில்லை. எட்டியிருந்தாலும் என்ன செய்திருக்க முடியும்?

அன்றைய தினமே அச்சம் நீங்கியது. அதே ஆண்டு மார்ச்சு மாதத்தில் எடுக்கப்பட்ட பழைய படங்களில் இப்பாறை மங்கலாகப் பதிந்திருந்தது தெரியவர, பார்த்த காலம் நீண்டது, பாதை தெளிந்தது, 2029இல் மோதல் இல்லையென்று உறுதியாயிற்று.

திசை தெளியத் தெளிய ஆபத்துக் குறைய வேண்டுமன்றோ, முதலில் ஏன் ஏறிற்று என்று மாணாக்கர் வினவலாம். நாமும் இதனால் முதலில் மயங்கினோம். வள்ளத்தையே எண்ணிப் பார்க்க. செல்லக்கூடிய இடங்கள் பல இருக்கையில் ஒவ்வொன்றுக்கும் உரிய வாய்ப்புச் சிறிது. மற்றவை ஒவ்வொன்றாகக் கழியும்போது எஞ்சியதன் பங்கு பெருகும். இறுதியில் வள்ளம் அதையும் விலகிச் செல்வது கண்டால் ஒரேயடியாக இல்லாது போகும். 2021 மார்ச்சில் றேடார் அலைகளால் அளந்தபின், இன்னும் 100 ஆண்டுக்கேனும் இதனால் மோதல் இல்லையெனத் தெரிந்தது.

சூரியனை விழுங்க முயலும் எகிப்தியப் பாம்பின் பெயரையே இதற்கு இட்டுள்ளனர். இராகு கேதுவை அறிந்த நமக்கு இது புதிதன்று. நயினாதீவில் நாகபூசணி அம்மனை வழிபடுவோர்க்குப் பாம்பென்றால் அச்சமுமில்லை!

இப்போது இது 324 நாளில் ஒருமுறை சூரியனைச் சுற்றுகின்றது. வெள்ளியின் பாதையை அணுகி, மீண்டு, நமது பாதையையும் சற்றுக் கடந்து திரும்புவது அதன் வழக்கம். 2029இல் நிலத்திலிருந்து சுமார் 32,000 கிலோமீற்றர் தொலைவில், தொலைக்காட்சிச் செய்மதிகளினும் அண்மையாக, அது கடந்து போகும். அப்போது பூமி இழுக்கும் இழுப்பில் அதன் பாதையே அகன்றுவிடும். பின்னர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 14 மாதங்களாகும்.

மிக அண்மிக்கும் நேரம் நமக்கு ஏப்பிரல் 14 அதிகாலை 3 மணி 16 நிமிடம். அவ்வேளை அது அத்திலாந்திக் கடலின் மேலிருக்குமாதலால் நம் கண்ணுக்குத் தோன்றாது. ஆயின் அதற்கு முன் இந்துமாக்கடலின் மேலாகவே வருகின்றது. அமாவாசை இருள், முகில் மறையாவிடின், நள்ளிரவின் பின் மங்கலான நட்சத்திரம் ஒன்று மேற்கு நோக்கி மெல்ல நகர்வதைக் காணலாம். இரட்டைக்குழல் தொலைநோக்கி இருந்தால் நன்று. மேற்கே தடையின்றிக் கடல் விரிந்த நெடுந்தீவுக் கரை இதற்கு உகந்த இடம். புறப்படுவோர் பகற்படகிலேயே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். காலையில் மருத்துநீர் வைக்க வீட்டுக்கு வந்துவிடலாம் என்று மாத்திரம் நம்ப வேண்டாம்.