பெரிய கோயிலும் காவிரி வயலும்: படம் எடுப்பதும் பாதுகாப்பதும்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் முதலில் செய்வது, மொபைல் போனிலும் டிஜிட்டல் கேமராவிலும் சேர்ந்துள்ள போட்டோக்களைப் பெரிய திரையில் பார்ப்பதுதான். குறைகள் அப்போதுதான் தெரிய வரும். போனில் அழகாக இருந்த கோயில் கோபுரம் பின்னால் சாய்ந்து விழுவது போல் இருக்கும். வானம் வெறும் வெள்ளையாகத் தெரியும். எந்த ஆண்டு எடுத்த படம் என்பதும் மறந்து போயிருக்கும். இவற்றைத் தவிர்க்க என்ன செய்யலாம் என்பதை, தஞ்சாவூர் பெரிய கோயிலையும் காவிரி டெல்டா வயல்களையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு பார்க்கலாம்.

1858ல் 21 படங்கள்

சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக இருந்த லின்னேயஸ் டிரைப், பெரிய கோயிலை எடுத்த படங்கள் 1858ல் வெளியாயின. கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகள் ஒரே படத்தில் அடங்கவில்லை. எனவே 21 பிரிண்ட்களை வரிசையாக இணைத்து, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். வானம் வெறுமையாகப் பதிந்ததால், நெகட்டிவ் மீதே மேகங்களைக் கையால் தீட்டினார். இன்று நம் போனில் உள்ள பனோரமா, எச்.டி.ஆர். வசதிகள் தீர்த்து வைப்பது இதே பிரச்னைகளைத்தான். அந்தப் படங்கள் இன்று ஆவணமாகப் பயன்படுவதற்குக் காரணம், எந்த இடம், எந்த ஆண்டு என்ற குறிப்பும் அவற்றுடன் இருப்பதுதான். நம் படங்களும் அப்படி இருக்க வேண்டும்.

எந்த நேரம், எந்த மாதம்?

முதலாம் ராஜராஜன் கட்டி, 1010ல் நிறைவு செய்த இந்தக் கோயில் கிழக்கு நோக்கியது. நுழைவாயில்களும் விமானத்தின் முன்புறமும் வேண்டும் என்றால், சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும் காலை நேரத்தில் செல்லுங்கள். மாலையில் அதே இடத்தில் நின்றால், சூரியன் விமானத்தின் பின்னால் இறங்கும். கறுப்பு நிழலுருவம் மட்டுமே கிடைக்கும்.

மாதமும் முக்கியம். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் தெற்குச் சுவரில் நல்ல வெயில் விழும். ஜூனில் வடக்குச் சுவருக்கு அது கிடைக்கும். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். காலையிலும் மாலையிலும் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். நிழல் தெளிவாகத் தரையில் விழுந்திருக்கும்.

கருவறையில் படம் எடுக்கக் கூடாது. முக்காலி, டிரோன் ஆகியவற்றுக்கு முன் அனுமதி தேவை.

வெள்ளை வானம்

கல் நன்றாகத் தெரியும்படி எடுத்தால் வானம் வெளுத்துவிடும். போன் கேமராவில் எச்.டி.ஆர். இயக்கத்தில் உள்ளதா எனப் பாருங்கள். வெவ்வேறு வெளிச்ச அளவில் சில படங்களை எடுத்து, போன் அவற்றைத் தானாக இணைத்துத் தரும். இந்த வசதி இல்லை என்றால் வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து எடுங்கள். இருண்ட பகுதியை கம்ப்யூட்டரில் ஓரளவு மீட்கலாம். முற்றிலும் வெளுத்த வானத்தை மீட்க முடியாது.

சாய்ந்த விமானம்

சுமார் 200 அடி உயர விமானத்தை அருகில் நின்று கேமராவை மேல் நோக்கித் திருப்பி எடுத்தால், நேர்க்கோடுகள் மேலே ஒன்றையொன்று நெருங்கும். முடிந்தவரை தள்ளி நின்று, கேமராவை நேராகப் பிடித்து எடுங்கள். ஏற்கனவே எடுத்த படத்தைச் சரி செய்ய, இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் புரோகிராம் போதும்.

1. படத்தைத் திறந்து ஷிப்ட் + பி கீகளை அழுத்தவும். பெர்ஸ்பெக்டிவ் டூல் கிடைக்கும்.
2. படத்தின் மேல் மூலைகள் இரண்டையும் வெளிப்பக்கமாக இழுக்கவும். சுவர்கள் செங்குத்தாகத் தெரிந்தவுடன் டிரான்ஸ்பார்ம் பட்டனில் கிளிக் செய்திடவும்.
3. பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஏஸ் தேர்ந்தெடுத்து, புதிய பெயரில் ஜேபெக் பைலாகச் சேமிக்கவும். ஒரிஜினல் படம் மாறாமல் இருக்கட்டும்.

நந்தி மண்டபமும் விமானமும் ஒரே படத்தில் அடங்கவில்லையா? ஒரே இடத்தில் நின்று திரும்பியபடி, ஒரு படத்தின் மூன்றில் ஒரு பங்கு அடுத்த படத்திலும் வரும்படி எடுங்கள். ஹுகின் என்ற இலவச புரோகிராம் அவற்றை இணைத்துத் தரும்.

ஒரே வயல், பல பருவங்கள்

வழக்கமாக ஜூன் 12ல் மேட்டூர் அணை திறக்கப்படும். நீர் இருப்பைப் பொறுத்து தேதி மாறும். அதன் பின் டெல்டாவில் குறுவை நடவு நடக்கும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் நவம்பரில் சம்பா பயிர் பச்சையாக நிற்கும். ஜனவரியில், பொங்கலை ஒட்டி, கதிர் முற்றி மஞ்சளாகும். மே மாதத்தில் பல வயல்கள் வெடித்துக் கிடக்கும்.

பாலம், மைல் கல், பனை மரம் என எளிதில் மாறாத ஓர் அடையாளத்தைத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒரு முறை அதே இடத்தில் நின்று எடுங்கள். முந்தைய படத்தைப் போனில் பார்த்து எல்லைகளைப் பொருத்திக் கொள்ளலாம். 12 படங்களை வரிசையாகப் பார்க்கையில், ஒரு வயலின் ஓர் ஆண்டு கண் முன்னே நிற்கும். தண்ணீர் தாமதமாக வந்த ஆண்டும் அதில் தெரியும்.

தேதி தொலையக் கூடாது

ஒவ்வொரு போட்டோ பைலிலும் எடுத்த தேதியும் நேரமும் பதிவாகும். விண்டோஸில் பைலின் மீது ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் சென்று, டீடெய்ல்ஸ் டேப்பில் பார்க்கலாம். டிஜிட்டல் கேமரா என்றால், கிளம்பும் முன் அதன் கடிகாரம் சரியாக உள்ளதா எனப் பாருங்கள்.

வாட்ஸ் அப் வழியாகச் சாதாரணமாக அனுப்பும் போட்டோவின் தரம் குறையும். இந்தத் தேதித் தகவலும் நீக்கப்படும். எனவே போனிலிருந்து கேபிள் மூலம் காப்பி செய்திடுங்கள். வாட்ஸ் அப்பில்தான் அனுப்ப வேண்டும் என்றால் டாகுமெண்ட் ஆக அனுப்புங்கள்.

பைல் பெயரை, 2025-01-15 தஞ்சை வயல் என்பது போல ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கினால், கம்ப்யூட்டரே அவற்றைக் காலவரிசையில் அடுக்கிக் காட்டும். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு காப்பி, வெளியே எடுத்து வைக்கக் கூடிய டிரைவ் ஒன்றில் இன்னொரு காப்பி கட்டாயம் வேண்டும். இரண்டும் சரியாகத் திறக்கின்றனவா எனச் சோதித்த பின்னரே மெமரி கார்டில் உள்ளதை அழித்திடுங்கள்.