வாங்கியது ஒரு மாநிலம், விபத்து வேறு மாநிலம்... வழக்கை எங்கே போடுவது?

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1976-ல் ஒரு குடும்பம் புது ஆடி கார் வாங்கியது. அடுத்த ஆண்டு அரிசோனாவில் குடியேற அதே காரில் கிளம்பினார்கள். வழியில், ஓக்லஹோமா மாநிலத்தில் பின்னால் வந்த கார் மோதி, ஆடி தீப்பிடித்தது. மனைவிக்கும் இரண்டு குழந்தைகளுக்கும் கடுமையான தீக்காயம்.

பெட்ரோல் டேங்க் அமைப்பில் குறை இருப்பதாக ஓக்லஹோமாவிலேயே வழக்கு போட்டார்கள். காரை விற்ற நியூயார்க் டீலரும் வட்டார விநியோகஸ்தரும், 'எங்களுக்கு அங்கே வியாபாரமே இல்லையே' என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1980-ல் 6-3 என்ற கணக்கில் அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. கார் எங்கு வேண்டுமானாலும் ஓடும். அதற்காக, அது போகும் ஊரிலெல்லாம் விற்றவரை இழுக்க முடியாது. அந்த மாநிலத்தில் வியாபாரம் தேடி அவரே போயிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

ஃபோர்டு வைத்த வாதம்

இதே வாதத்தைப் பெரிய கம்பெனி சொன்னால்?

மொன்டானாவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் ஓட்டிச் சென்ற பெண், டயரின் மேல்பகுதி பிய்ந்து கார் கவிழ்ந்ததில் இறந்தார். மின்னசோட்டாவில் கிரவுன் விக்டோரியாவில் பயணித்தவருக்கு, ஏர்பேக் விரியாததால் மூளையில் பலத்த காயம். இரண்டுமே பழைய கார்கள். முதலில் விற்கப்பட்டது வேறு மாநிலங்களில். 'இந்தக் கார்களை நாங்கள் இங்கே விற்கவில்லை. இங்கே வழக்கு செல்லாது' என்றது ஃபோர்டு.

2021 மார்ச்சில் 8-0 என ஒருமனதாக அதை நிராகரித்தது உச்ச நீதிமன்றம். மொன்டானாவில் 36, மின்னசோட்டாவில் 84 டீலர்கள். விளம்பரம், சர்வீஸ், உதிரிபாகம் என ஃபோர்டு இரு மாநிலங்களிலும் இதே மாடல்களுக்குச் சந்தை பிடித்திருந்தது. அங்கே வசிப்பவர் அங்கேயே பாதிக்கப்பட்டால், கம்பெனி அங்கேயே பதில் சொல்ல வேண்டும் என்றார் நீதிபதி எலினா ககன்.

இல்லையென்றால் இறந்தவரின் குடும்பம், விபத்துக்குச் சம்பந்தமே இல்லாத மாநிலத்துக்கு அலைய வேண்டியிருக்கும். சாட்சிகளும் ஆதாரங்களும் இருப்பதோ விபத்து நடந்த ஊரில்!

ஆன்லைன் கடைக்காரர்?

விசாரணையில் ஒரு கற்பனைக் கேள்வி எழுந்தது. சிற்றூரில் ஓய்வுபெற்ற ஒருவர் மரத்தில் வாத்து செதுக்கி இணையத்தில் விற்கிறார். அவர்மீது எல்லா மாநிலத்திலும் வழக்கு போடலாமா? அவரும் ஃபோர்டும் ஒன்றல்ல என்று சொன்ன தீர்ப்பு, இணைய விற்பனையைப் பற்றி இப்போது முடிவு சொல்லவில்லை என ஒதுங்கிக்கொண்டது.

வீடு தேடிப் பார்சல் வரும் காலத்தில், அடுத்த பெரிய வழக்கு அங்கிருந்தே கிளம்பலாம்!