பக்கவாதத்துக்கு ஒரு வலைக்குழாய்

1706ஆம் ஆண்டில் கிறிஸ்தவ மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கிய தரங்கம்பாடியில், அவருடைய சகாவாகிய கிரண்ட்லர் 1711இல் தமிழ் வைத்திய முறைகளை ஜெர்மன் மொழியில் எழுதிவைத்தார்; அந்த நூற்றாண்டிலேயே மிஷனின் பொருட்டு ஐரோப்பிய வைத்தியர்களும் வந்து தங்கினார்கள். அத்தகைய ஊரில் இன்று ஒருவருக்கு வாய் கோணி, கை துவண்டு, பேச்சுக் குழறினால், வைத்தியத்தைக் காட்டிலும் வழியைப் பற்றிய கவலையே முதலில் எழுகிறது. பெரிய ஆஸ்பத்திரி உள்ள தஞ்சாவூரே ஏறத்தாழ 100 கிலோமீட்டர்.

மூளைக்குச் செல்லும் பெரிய தமனியில் இரத்தக்கட்டி சிக்கிக்கொண்டால், பிராணவாயு கிட்டாத நரம்பணுக்கள் நிமிஷத்திற்குச் சுமார் 19 லட்சம் வீதம் மடிகின்றன என்று அமெரிக்க மருத்துவர் ஜெப்ரி சேவர் 2006இல் கணக்கிட்டார். கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். போட்டாலும் பெரிய கட்டிகள் பெரும்பாலும் அதற்கு இளகுவதில்லை.

அந்த இடத்திலேதான் ஒரு புதிய சிகிச்சை கைகொடுக்கிறது. தொடையிடுக்கில் சிறு துளையிட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தவாறே மெல்லிய குழாயைக் கழுத்து வழியாக மூளைவரை செலுத்தி, கட்டியை ஊடுருவி அப்பால் சென்று, நிக்கலும் டைட்டேனியமும் கலந்த கம்பியாலான வலைக்குழாயை விரிக்கிறார்கள். அது கட்டிக்குள் பதிந்து அதைப் பற்றிக்கொள்வதற்குச் சில நிமிஷங்கள் பொறுத்திருந்து, இரண்டையும் ஒருங்கே வெளியே இழுத்துவிடுகிறார்கள். இருதயத்தில் வைக்கும் ஸ்டென்ட் உள்ளேயே தங்கிவிடும். இதுவோ காரியம் முடிந்ததும் வெளியே வந்துவிடுகிறது. மண்டையைத் திறக்கவேண்டிய அவசியமே இல்லை.

நெதர்லாந்தில் 500 பேரிடம் நடந்த ஆய்வும் அதைத் தொடர்ந்த வேறு நான்கும் 2015இல் இதன் பயனை ஐயமற நிறுவின. 2018இல் வெளிவந்த ஆய்வுகள், மூளைப் படம் பார்த்துத் தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் இது உதவும் என்றன. டில்லி எய்ம்ஸ் முன்னின்று நடத்திய இந்திய ஆய்வொன்றும் 2025இல் 'சூப்பர்நோவா' என்னும் வலைக்குழாய்க்கு நற்சான்று அளித்தது.

ஆனால், 'வாயுவாக இருக்கும், சற்றுப் படுத்தால் சரியாகிவிடும்' என்று எண்ணெய் தேய்த்துக் காத்திருக்கும் வீட்டில் எந்தக் கருவிக்கும் வேலையில்லை. வாயில் தண்ணீரோ மருந்தோ ஊற்றாமல், நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, உடனே 108ஐ அழைத்து, சி.டி. ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போகவேண்டும். அடைப்பா, இரத்தக் கசிவா என்று அந்தப் படம் தெளிவாக்காமல் சிகிச்சை தொடங்காது. மயிலாடுதுறையில் எடுத்த படம் அந்த க்ஷணமே பெரிய ஆஸ்பத்திரி நிபுணரின் கண்ணுக்கு எட்டுமாறு ஓர் ஏற்பாட்டைச் சர்க்கார் இந்தக் காவிரி டெல்டா முழுவதற்கும் உறுதிசெய்ய வேண்டும்; ஆம்புலன்ஸ் வந்து சேருமுன்பே அங்கே சிகிச்சைக் கூடம் ஆயத்தமாகிவிடும்.