பைல்ஸுக்கு அபயாரிஷ்டம்: பாட்டிலுக்குள்ள என்ன இருக்கு, எது இல்ல?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோட் ஒரு வாய்ஸ் மெசேஜ்ல இருந்து ஆரம்பிக்குது. நம்ம நேயர் ஒருத்தர், வயசு 27, ஐடி வேலை. குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். "அண்ணா, நாலு மாசமா மோஷன் போகும்போது ரத்தம் வருது. வீட்ல சொல்லல. ரூம்மேட் சொன்னான்னு அபயாரிஷ்டம் வாங்கிக் குடிக்கிறேன். இப்போ வலி இல்ல, மோஷனும் ஈஸியா போகுது. ஆனா ரத்தம் மட்டும் அப்பப்போ வருது. இதையே கன்டினியூ பண்ணலாமா?"

அவருக்கு அன்னைக்கு ராத்திரியே பதில் அனுப்பிட்டேன். என்ன சொன்னேன்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி, அந்த பாட்டிலைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம்.

முதல்ல, மூலம்னா என்ன?

ஆசனவாய்க்கு உள்ளே ரத்தக் குழாய்களால் ஆன மெத்தை மாதிரி திசுக்கள் எல்லாருக்குமே உண்டு. உங்களுக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு. மலமும் வாயுவும் நம்மைக் கேக்காம வெளியே வராமப் பாத்துக்கிறதுல அதுக்கும் ஒரு பங்கு இருக்கு. மலச்சிக்கலால முக்கி முக்கிப் போறது, போனைக் கையில வச்சுக்கிட்டு டாய்லெட்ல அரை மணி நேரம் உட்கார்றது, கர்ப்ப காலத்து அழுத்தம், இதெல்லாம் சேரும்போது அந்த மெத்தை வீங்கி, பிடிப்பு தளர்ந்து, கீழே சரியுது. அதைத்தான் மூலம், பைல்ஸ்னு சொல்றோம்.

உள்மூலத்துல பெரும்பாலும் வலி இருக்காது, ரத்தம் மட்டும் வரும். அந்த இடத்துல வலியை உணர்ற நரம்புகள் இல்லாததுதான் காரணம். அதனால 'வலி இல்ல, சரியாயிடுச்சு'ங்கிற கணக்கு இங்க செல்லாது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

பழைய நூல்கள் என்ன சொல்லுது?

ஆயுர்வேதத்துல இதுக்குப் பேர் அர்சஸ். எதிரி மாதிரி ஆளை வதைக்கிறதால அந்தப் பேர்னு விளக்கம் சொல்றாங்க. அனுபவிச்சவங்க மறுக்க மாட்டாங்க. சுஸ்ருத சம்ஹிதை இதுக்கு நாலு வழி சொல்லுது: உள்ளுக்கு மருந்து, காரம் தடவுறது, சுடுறது, கத்தி. அதாவது, மருந்துக்குக் கேக்காத மூலமும் உண்டுன்னு அந்தக் காலத்து வைத்தியர்களுக்கே தெரிஞ்சிருக்கு. 'எந்த ஸ்டேஜா இருந்தாலும் ஆபரேஷன் இல்லாம குணம்'னு பஸ் ஸ்டாண்ட் சுவர்ல ஒட்டுறாங்களே, அதை சுஸ்ருதரே ஒத்துக்க மாட்டார்.

பாட்டிலுக்குள்ள

அபயாங்கிறது கடுக்காய்க்கு சமஸ்கிருதத்துல இருக்கிற பேர்கள்ல ஒண்ணு. அரிஷ்டம்னா கஷாயத்தை நொதிக்க வச்சு எடுக்கிற மருந்து. கொட்டை நீக்கின கடுக்காய், திராட்சை, வாய்விடங்கம், இலுப்பைப் பூ, இது நாலையும் தண்ணியில போட்டு நல்லா சுண்டக் காய்ச்சி வடிகட்டுவாங்க. ஆறினதும் வெல்லத்தைக் கரைச்சு, நெருஞ்சில், சிவதை வேர், தனியா, சுக்கு, பேய்க்கொமட்டி, தந்தி வேர் மாதிரி சரக்குகளைப் பொடி செஞ்சு சேர்ப்பாங்க. கூடவே தாதிரிப் பூ. நொதித்தலைக் கிளப்பி விடுறது அதுதான். அப்புறம் பாத்திரத்தை மூடி, சுமார் ஒரு மாசம் அப்படியே வச்சுடுவாங்க.

வெல்லம் நொதிச்சா என்ன வரும்? ஆல்கஹால். அரிஷ்டங்கள்ல பொதுவா 5 முதல் 10 சதவீதம் வரைக்கும் இருக்கும். வெளியிலிருந்து சேர்க்கிறதில்ல, தானா உருவாகுறது. லேபிள்லயே எழுதியிருக்கும், நாமதான் படிக்கிறதில்ல.

சரி, இது எப்படி வேலை செய்யுது?

சரக்குப் பட்டியலைத் திரும்பப் பாருங்க. கடுக்காய் மெதுவா மலத்தை இளக்கும். சிவதையும் தந்தியும் பேய்க்கொமட்டியும் அதைவிட வேகமானவை, நேரடியான பேதி மருந்துகள். ஆக, இது முக்கியமா மலச்சிக்கலை உடைக்கிற மருந்து. மலம் இளகினா முக்க வேண்டாம். முக்கலேன்னா அந்த மெத்தை மேல அழுத்தம் குறையும். கடுக்காய்ல டானின் நிறைய இருக்கு, அந்தத் துவர்ப்புக்கு திசுவைச் சுருக்குற குணமும் உண்டு.

அந்தக் காலத்து வைத்தியர்கள் பிரச்சினையோட வேரைச் சரியாத்தான் பிடிச்சிருக்காங்க. இன்னைக்கு டாக்டர்கிட்ட போனாலும் முதல் அறிவுரை அதேதான்: மலத்தை இளக்கு. நார்ச்சத்தை வச்சு நடந்த 7 சோதனைகளை, மொத்தம் 378 பேர், காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. நார்ச்சத்து எடுத்தவங்களுக்கு ரத்தக்கசிவு ஆபத்து கிட்டத்தட்ட பாதியாக் குறைஞ்சிருந்தது. கீரை, கொய்யா, முழுப் பயறு, போதுமான தண்ணி. நம்ம ஊர்ல பாட்டிங்க மூலத்துக்குத் துத்திக்கீரையும் கருணைக்கிழங்கும் சமைச்சுப் போட்டதை இதோட சேர்த்து யோசிச்சுப் பாருங்க.

யார் குடிக்கக் கூடாது?

கர்ப்பமா இருக்கிறவங்க தொடவே வேண்டாம், அந்த பேதிச் சரக்குகள்தான் காரணம். சுகர் இருக்கிறவங்க வெல்லத்தை நினைச்சுக்கணும். கல்லீரல் பிரச்சினை இருக்கிறவங்க, குடியை விட்டவங்க ஆல்கஹாலை நினைச்சுக்கணும். ஏற்கெனவே வேற மாத்திரை எடுக்கிறவங்க, படிச்ச ஆயுர்வேத மருத்துவர்கிட்டயோ உங்க டாக்டர்கிட்டயோ கேட்டுட்டுத்தான் ஆரம்பிக்கணும்.

இன்னொண்ணு, பேர் இல்லாத சூரணப் பொட்டலம். 2004-ல ஜாமா மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்தது. அமெரிக்காவோட பாஸ்டன் பகுதிக் கடைகள்ல வாங்கின 70 ஆயுர்வேதத் தயாரிப்புகள்ல 14-ல ஈயம், பாதரசம், ஆர்சனிக் இதுல ஏதாவது இருந்தது. அஞ்சுல ஒண்ணு! லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், காலாவதி தேதி, இந்த மூணும் இல்லாத எதையும் வாயில வைக்காதீங்க.

பாட்டில்ல இல்லாதது

இப்போ அந்த நேயர்கிட்ட வருவோம். அவருக்கு நான் அனுப்பின பதில் இவ்வளவுதான்: "தம்பி, மருந்து நல்லதா கெட்டதாங்கிறது ரெண்டாவது கேள்வி. உங்களுக்கு இருக்கிறது மூலம்தான்னு யார் சொன்னது?"

யாரும் சொல்லல. அவரே கூகுள் பண்ணி முடிவு பண்ணிக்கிட்டார். ஆசனவாய் வெடிப்புலயும் ரத்தம் வரும். குடல் அழற்சியிலயும் வரும். பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயிலயும் வரும், 20, 30 வயசுலயும் அது வர வாய்ப்பு உண்டு. சிவப்பு ரத்தம்னா மூலம்னு வெளியிலிருந்து யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. விரலாலயும் ஒரு சின்னக் குழாயாலயும் பார்க்கிற பரிசோதனை சில நிமிஷத்துல முடிஞ்சுடும். கூச்சம் நமக்குத்தான், டாக்டருக்கு அது தினசரி வேலை.

ரத்தம் தொடர்ந்து வருது, மலம் கறுப்பா போகுது, மலம் போற பழக்கமே மாறிடுச்சு, எடை குறையுது, படி ஏறினா மூச்சு வாங்குது, வீட்ல யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்திருக்கு... இதுல ஒண்ணு இருந்தாலும் நாள் கடத்தாதீங்க.

அவர் போனார். ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு மெசேஜ். மூலம்தான், இரண்டாம் நிலை. ஆனா ஹீமோகுளோபின் 9. நாலு மாசமா கொஞ்சம் கொஞ்சமாப் போன ரத்தம். சோர்வா இருந்ததை நைட் ஷிஃப்ட் மேல போட்டுட்டு இருந்திருக்கார். இப்போ இரும்புச்சத்து மாத்திரை, நார்ச்சத்து. ரத்தம் நிக்கலேன்னா ரப்பர் பேண்ட் போடலாம்னு சொல்லியிருக்காங்களாம்.

அவர் சொன்ன ஒரு வரி எனக்கு மறக்கல. "அண்ணா, அந்த மருந்து வேலை செஞ்சுது. அதனாலதான் டாக்டர்கிட்ட போறதைத் தள்ளிப்போட்டேன்."

அபயாரிஷ்டத்தைத் தூக்கிப் போடணும்னு நான் சொல்லல. மலச்சிக்கலுக்கு அது உதவலாம். ஆனா உங்களுக்கு என்ன நோய்னு அந்த பாட்டில் சொல்லாது. அதை முதல்ல தெரிஞ்சுக்கோங்க, மருந்து எதுன்னு அப்புறம் பேசலாம்.

இந்த எபிசோடை யாருக்கு அனுப்பணும்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். குரூப்ல போடாதீங்க, தனியா அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.